கில்டுக்கு என்ன வருகிறது, என்ன வராது: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் எங்கள் கில்டு, அதாவது ஆட்டக்காரர் சங்கம், சின்னது. நல்ல நாளில் பன்னிரண்டு பேர் வருவோம். பரீட்சை, முகூர்த்தம், பண்டிகை என்று ஏதாவது குறுக்கே வந்தால் ஆறு பேர்தான். புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள்: "கில்டுக்கு வீடு தருகிறார்களாமே?", "லெவல் எல்லாம் இருந்ததாமே, எங்கே போச்சு?", "பேங்கில் யார் கை வைக்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விளையாட்டை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம் என்ன செய்யப்போவதாகச் சொன்னது, எது வந்தது, வந்த பிறகு எது திரும்பிப் போனது என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

இது சின்ன கில்டின் கண்ணால் பார்த்து எழுதியது. ஐந்நூறு பேர் உள்ள கில்டில் இருப்பவருக்குச் சில பதில்கள் புலம்பல் போலத் தெரியலாம். தெரிந்தால் தெரியட்டும்.

கில்டு என்றால் என்ன? பார்ட்டியும் அதுவும் ஒன்றா?

இல்லை. பார்ட்டி என்பது ஒரு குகைக்குள் போய் வரும்வரை சேர்ந்திருக்கும் ஐந்து பேர். வேலை முடிந்ததும் கலைந்துவிடும். கில்டு கலையாது. அதற்குப் பெயர், சின்னம், தனி அரட்டை, பதவிப் படிகள், பொதுப் பெட்டகம் எல்லாம் உண்டு. ஊரில் இளைஞர் மன்றம் இருக்கிறதே, போர்டு மாட்டி, கேரம் பலகை வாங்கிப் போட்டு, யார் சந்தா கட்டவில்லை என்று சண்டை போடும் மன்றம், கிட்டத்தட்ட அதுதான்.

தொடங்க என்ன வேண்டும்?

நகரத்தில் கில்டு பதிவாளரிடம் பத்து வெள்ளிக் காசு கொடுத்து ஒரு பட்டயம் வாங்க வேண்டும். அதில் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 2004 நவம்பரில் விளையாட்டு வெளிவந்தபோது ஒன்பது பேரின் கையெழுத்து தேவைப்பட்டது. ஸ்டார்ம்விண்ட் நகரத்து வாசலில் நின்று "கையெழுத்துப் போடுங்க, ஒரு தங்கம் தர்றேன்" என்று கூவுகிறவர்களை அப்போது தினமும் பார்க்கலாம். கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு மறுநாளே விலகிவிடுவார்கள். பிறகு தேவைப்படும் கையெழுத்தை நான்காகக் குறைத்தார்கள். இதை யாரும் பெரிய அறிவிப்பாகச் சொல்லவில்லை, ஆனால் நாலு நண்பர்கள் சேர்ந்து கில்டு வைக்க முடிந்தது இதனால்தான்.

எத்தனை பேர் வரை சேரலாம்?

ஆயிரம். எங்களுக்கு இது கவலை தரும் எண் அல்ல.

கில்டு பேங்க் ஆரம்பத்திலிருந்தே இருந்ததா?

இல்லை, மூன்று வருடம் இல்லாமலே ஓட்டினார்கள். 2007 நவம்பரில் 2.3 பேட்ச் என்ற புதுப்பிப்போடுதான் வந்தது. அதற்கு முன்னால், கில்டில் நம்பகமான ஒருவர் தனியாக ஒரு கேரக்டர் தொடங்கி, அதைச் சண்டைக்கே கொண்டுபோகாமல் நகரத்திலேயே நிறுத்தி வைத்திருப்பார். எல்லோரும் பொருளை அதற்குத் தபாலில் அனுப்புவார்கள். கணக்கு ஒரு எக்செல் தாளில் இருக்கும். அவர் வராத நாளில் யாருக்கும் மருந்து கிடைக்காது, கோயில் உண்டியல் சாவி ஒருவரிடமே இருப்பது போல.

பேங்க் வந்ததும் அந்த ஏற்பாடு தேவையில்லாமல் போனது. ஒவ்வொரு தட்டிலும் 98 கட்டங்கள். முதல் தட்டு நூறு தங்கம், அடுத்தது 250, பிறகு 500, ஆயிரம், 2500, ஆறாவது 5000. இன்றைக்கு இந்த எண்கள் சில்லறை. 2007-இல் ஐயாயிரம் தங்கம் என்றால், வேகமாகப் பறக்கும் வாகனம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒருவர் மாதக்கணக்கில் சேர்த்த தொகை. நாற்பது பேர் கில்டு அதை ஒரே வாரத்தில் வசூல் செய்யும். எட்டுப் பேர் கில்டு இரண்டாவது தட்டோடு நின்றுவிடும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

பேங்கில் யார் எதை எடுக்கலாம் என்று கட்டுப்படுத்த முடியுமா?

முடியும். பதவிக்குப் பதவி, தட்டுக்குத் தட்டு தனித்தனியாக அமைக்கலாம்: பார்க்க மட்டும், போட மட்டும், நாளுக்கு இத்தனை முறை எடுக்க. தங்கத்துக்கும் அப்படியே, உடைந்த கவசத்தைச் சரிசெய்யும் செலவுக்குத் தனி அனுமதி. யார் எடுத்தார், யார் போட்டார் என்ற பதிவும் இருக்கும்.

எங்கள் ஏற்பாடு: சேர்ந்து ஒரு மாதம் வரை முதல் தட்டில் மட்டும், நாளுக்கு இரண்டு முறை. இதில் அவமதிப்பு ஏதும் இல்லை. நான் முன்பு ஆடிய வேறொரு விளையாட்டில், "பாவம், நல்ல பையன்" என்று முழு அனுமதி கொடுத்த ஒருவர் ஒரே இரவில் பெட்டகத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அனுமதியைக் கொடுத்தது நான்தான். அதிலிருந்து நல்ல பையன்களுக்கும் இரண்டு முறைதான்.

திருடினால் பிளிஸார்டிடம் புகார் கொடுத்துத் திரும்ப வாங்கலாமா?

நீங்களே கொடுத்த அனுமதியைப் பயன்படுத்தி ஒருவர் எடுத்தால், அது கில்டின் உள்விவகாரமாகத்தான் பார்க்கப்படும். கணக்கை யாராவது திருடி உள்ளே நுழைந்து எடுத்தது என்றால் வேறு விஷயம்.

இதிலும் கடுமையான ஊர் உண்டு. விண்வெளி விளையாட்டான ஈவ் ஆன்லைனில் ஏமாற்றுவதும் துரோகமும் ஆட்டத்தின் அங்கம். 2009 பிப்ரவரியில் அங்கே 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' என்ற பெருங்கூட்டணியில் இயக்குநர் பதவியில் இருந்த ஒருவர் எதிரணியான கூன்ஸ்வார்மின் பக்கம் சாய்ந்தார். தன் பதவிக்கு இருந்த அனுமதிகளை வைத்தே உறுப்பு நிறுவனங்களை (அங்கே கில்டுக்கு அதுதான் பெயர்) வெளியேற்றிக் கூட்டணியைக் கலைத்துவிட்டார். கூட்டணியின் பெயரில் இருந்த நிலப்பகுதிகளின் ஆட்சியும் அதோடு போனது. வருடக்கணக்கில் கப்பல் கப்பலாகச் சண்டை போட்டும் எதிரியால் முடியாததை ஒரு பொத்தான் செய்தது. அதே விளையாட்டில் 2014 ஜனவரியில், ஒரு பகுதியின் பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டுப்போனதால் மூண்ட சண்டை ஒரு நாள் நெடுக நடந்தது. அங்கே மிகப் பெரிய வகையான டைட்டன் கப்பல்கள் 75 அழிந்தன. கரண்ட் பில் கட்ட மறந்ததற்கு வீடே எரிந்த கதை.

ஆகவே, "பதவி அனுமதி அமைப்பு மேம்படுத்தப்படும்" என்று எந்த விளையாட்டின் அறிவிப்பிலாவது ஒரு சலிப்பான வரி வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். அந்தப் பக்கத்திலேயே முக்கியமான வரி அதுவாக இருக்கலாம்.

கில்டுக்கு லெவல் இருந்ததாமே?

இருந்தது. நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கில்டுக்காக யார் எந்தத் திட்டம் அறிவித்தாலும் நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

2009 ஆகஸ்டில் அனஹைமில் நடந்த பிளிஸார்டின் ரசிகர் மாநாடான பிளிஸ்கானில் கேட்டகிளிசம் விரிவாக்கத்தை, அதாவது விளையாட்டோடு சேர்த்து விற்கும் பெரிய புதுப் பகுதியை, அறிவித்தார்கள். அப்போது சொன்ன திட்டம் இது: கில்டும் ஒரு கேரக்டர் மாதிரி வளரும். இருபது லெவல். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைக் கொண்டு கில்டின் திறன்களைத் தலைவர் தேர்ந்தெடுப்பார். கில்டுக்கென்று தனி நாணயமும் இருக்கும். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அதுவரை கில்டு என்பது ஒரு பெயரும் அரட்டைப் பெட்டியும் பெட்டகமும்தானே. நாம் ஒன்றாக ஆடியதற்கு ஓர் அடையாளம் மிஞ்சும் என்பது நல்ல ஆசைதான்.

சொன்னபடியே வந்ததா?

பாதி. 2010 டிசம்பர் 7-இல் விரிவாக்கம் வெளிவருவதற்குள் திறன் தேர்வும் நாணயமும் கைவிடப்பட்டன. எல்லாக் கில்டுக்கும் ஒரே வரிசையில் சலுகைகள், லெவல் உச்சம் 25 என்று மாறியது. தேர்வு செய்ய எதுவும் இல்லை, ஏறினால் கிடைக்கும்.

சலுகைகள் என்னவோ தாராளம்தான். அனுபவப் புள்ளி கூடுதலாக வரும். வாகனம் வேகமாக ஓடும். கில்டுக்குள் அனுப்பும் தபால் உடனே போய்ச் சேரும். ஊர் திரும்பும் கல்லைப் பாதி நேரத்திலேயே மறுபடி பயன்படுத்தலாம். குழுவில் உள்ள எல்லோரையும் ஒருவரே தன்னிடம் வரவழைக்கலாம். கடைசி லெவலில், செத்துக் கிடக்கும் மொத்த ரெய்டையும், அதாவது பெரிய அரக்கர்களை அடிக்கச் சேர்ந்த பெருங்குழுவையும், ஒரே மந்திரத்தில் எழுப்பலாம். இருபத்தைந்து பேர் செத்துக் கிடக்கும்போது ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அப்புறம் 'கேஷ் ஃப்ளோ' என்று ஒன்று. உறுப்பினர் ஒருவர் அரக்கனைக் கொன்று காசு எடுத்தால், அதற்கு மேல் ஒரு பங்கு தானாகவே கில்டு பேங்குக்குப் போகும். உறுப்பினருக்கு நட்டமில்லை. பிறகு எடுத்துவிட்டார்கள், ஆனால் இருந்தவரை அது செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு ஏன் எடுத்தார்கள்? நன்றாகத்தானே இருக்கிறது?

சலுகை நன்றாகத்தான் இருந்தது. அதை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் கோளாறு.

புதிதாக ஒருவர் வருகிறார். லெவல் 25 கில்டு ஒன்றும் லெவல் 6 கில்டு ஒன்றும் அழைக்கின்றன. முதலாவதில் எண்ணூறு பேர், யாரும் யாரோடும் பேசுவதில்லை. இரண்டாவதில் பதினைந்து பேர், எல்லோரும் பேசுகிறார்கள். அவர் எங்கே போவார்? அனுபவப் புள்ளியும் வேகமும் கிடைக்கிற இடத்துக்குத்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், கேஷ் ஃப்ளோ இருப்பதால் எண்ணூறு பேரும் பேசாமல் ஆடினாலே தலைவரின் பெட்டகம் நிறையும். எனவே பார்த்தவரையெல்லாம் கேட்காமலே அழைக்கும் கில்டுகள் முளைத்தன. நகரத்துக்குள் நுழைந்தாலே அழைப்புப் பெட்டி திரையை மறைக்கும்.

பெரிய கில்டு அதிவேகமாக ஓடிவிடக் கூடாது என்று ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என உச்சவரம்பு வைத்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் பெரிய கில்டு அந்த வரம்பைச் சீக்கிரமே எட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும், சின்ன கில்டு நாள் முழுக்க ஓடினாலும் எட்டாது. கில்டாகச் சேர்ந்து ரெய்டு போனதாகக் கணக்கில் ஏற, பத்துப் பேரில் எட்டுப் பேர் அதே கில்டாக இருக்க வேண்டும். ஏழு பேர் கில்டும் மூன்று வெளி நண்பர்களும் சேர்ந்து பெரிய அரக்கனை வீழ்த்தினால், கில்டு கணக்கில் அது நடக்கவே இல்லை.

கில்டு நன்மதிப்பு என்பது இன்னொரு முடிச்சு. கில்டு கடையில் பொருள் வாங்க ஒவ்வொருவரும் தன் கில்டோடு நன்மதிப்பைச் சேர்க்க வேண்டும். வேறு கில்டுக்குப் போனால் அடியிலிருந்து தொடங்க வேண்டும். பிடிக்காத இடத்தில், "இவ்வளவு சேர்த்துட்டோமே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள் எத்தனையோ பேர்.

2014 அக்டோபரில் 6.0.2 பேட்சில் லெவலை எடுத்தார்கள். மிஞ்சிய சலுகைகள் எல்லாக் கில்டுக்கும், நேற்றுத் தொடங்கிய கில்டுக்கும், பொதுவாயின. நான்கு வருடம் பாடுபட்டு 25-க்கு ஏறியவர்களுக்கு வருத்தம். நியாயமான வருத்தம்தான். ஆனாலும் எடுத்தது சரி என்பதே என் கட்சி.

கில்டுகள் உடைந்துபோனதற்கு வேறு காரணம் உண்டா?

உண்டு. அது கில்டு வசதிப் பட்டியலிலேயே வராத ஒன்று: ரெய்டுக்கு எத்தனை பேர் என்ற எண்.

ஆரம்பத்தில் மோல்டன் கோர் என்ற ரெய்டுக்கு நாற்பது பேர். 2007 ஜனவரியில் தி பர்னிங் க்ருசேட் வந்தபோது பெரிய ரெய்டு 25 பேராகக் குறைந்தது. நாற்பதில் பதினைந்து பேர் வெளியே. அதுவும் முதலில் போக வேண்டிய கராஸானுக்குப் பத்துப் பேர்தான். 25 பேர் கில்டை இரண்டு பத்தாகப் பிரித்தால் ஐந்து பேர் திண்ணையில். யார் அந்த ஐந்து, எந்தப் பத்து 'நல்ல' பத்து என்பதிலேயே எத்தனையோ நட்புகள் முறிந்தன.

அடுத்து, ராத் ஆஃப் தி லிச் கிங் காலத்தில் எல்லா ரெய்டும் பத்து, 25 என இரண்டு அளவிலும். கேட்டகிளிசத்தில் இரண்டுக்கும் ஒரே தரப் பரிசு. சின்ன கில்டுகளுக்கு இது பொற்காலம். 2014-இல் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார் வந்ததும் உச்சக் கடினமான மித்திக் ரெய்டுக்கு எண் இருபது என்று நிலைநிறுத்தினார்கள். பத்துப் பேராகவே மேலே போய்க்கொண்டிருந்த கில்டுகள் இன்னும் பத்துப் பேரைத் தேட வேண்டும், அல்லது இன்னொரு கில்டோடு இணைய வேண்டும், அல்லது நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றும் நடந்தது.

ஆனால் அதே ஆண்டில் இன்னொன்றும் நிலைபெற்றது. 2013 செப்டம்பரில் 5.4 பேட்சில் 'ஃப்ளெக்ஸ்' ரெய்டு என்று ஒன்றைச் சோதனை போலக் கொண்டுவந்திருந்தார்கள்: எத்தனை பேர் வருகிறார்களோ அதற்கேற்ப அரக்கனின் பலம் கூடும், குறையும். 2014-இல் மித்திக்குக்குக் கீழே உள்ள படிகளெல்லாம் அப்படியே ஆயின, பத்திலிருந்து முப்பது பேர் வரை. பதினோராவது ஆளை "நீ இன்னைக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பதினான்கு பேரில் ஒருவர் குழந்தையைத் தூங்கவைக்கப் போனால் ரெய்டு நிற்காது.

என்னைக் கேட்டால், இருபது வருடத்தில் சின்ன கில்டுகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய வசதி இதுதான். இதன் பெயரில் கில்டு என்ற சொல்லே இல்லை.

கிடைத்த பொருளை யார் எடுப்பது என்று கில்டு தீர்மானிக்க முடியுமா?

முன்பு முடிந்தது. எவர்குவெஸ்ட் என்ற பழைய இணைய விளையாட்டின் காலத்திலேயே ஆட்டக்காரர்கள் தாங்களாக ஒரு புள்ளிக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள், பெயர் டிகேபி. டிராகனைக் கொல்ல வந்ததற்குப் புள்ளி, பொருள் வாங்கப் புள்ளி செலவு. கிட்டத்தட்ட ஏலச்சீட்டு. விளையாட்டு நிறுவனம் இதற்கு ஒரு பொத்தானும் தரவில்லை, கணக்கெல்லாம் வெளியே எழுதி வைத்ததுதான். வார்கிராஃப்டில் 'மாஸ்டர் லூட்' இருந்ததால் தலைவர் கணக்கைப் பார்த்துப் பொருளைக் கையில் கொடுக்க முடிந்தது.

2018-இல் பேட்டில் ஃபார் அஸெரோத் விரிவாக்கம் வந்தபோது அதை நீக்கினார்கள். அவரவர் பரிசு அவரவர் பையில் விழும் முறை மட்டும் மிஞ்சியது. சொந்தக்காரருக்கே எல்லாம் கொடுக்கும் தலைவர்களிடமிருந்து இது காப்பாற்றியது உண்மை. ஆனால் கணக்காக நடத்திய கில்டுகளுக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி ஆனது. 2022-இல் டிராகன்ஃபிளைட் வந்தபோது ரெய்டுகளில் குலுக்கல் முறை திரும்பியது. மாஸ்டர் லூட் திரும்பவில்லை. எங்களிடம் இப்போது ஒரே விதி: குலுக்கலில் ஜெயித்தவருக்குத் தேவை குறைவு என்றால் அவரே பார்த்துக் கொடுப்பார். கொடுக்கவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டோம். மனதில் வைத்துக்கொள்வோம்.

நான் ஹார்டு, என் நண்பன் அலையன்ஸ். ஒரே கில்டில் சேரலாமா?

சேரலாம். 2022 மே மாதத்தில் 9.2.5 பேட்சில், ஒன்றுக்கொன்று எதிரியான ஹார்டு, அலையன்ஸ் என்ற இரு தரப்பும் ஒரே குழுவாக ரெய்டு போக வழி திறந்தது. 2023 மே மாதத்தில் 10.1-இல் கில்டும் திறந்தது. வேறு சர்வரில் இருப்பவரையும் கில்டில் சேர்க்கலாம் என்பது 2024-இல் தி வார் விதின் காலத்தில் வந்தது. அதற்கு முன் நண்பனோடு சேரவேண்டுமானால் காசு கட்டிக் கேரக்டரை இடம் மாற்ற வேண்டியிருந்தது, இல்லை புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

எங்கள் கில்டு இன்று உயிரோடு இருப்பது இந்த இரண்டு மாற்றங்களால்தான். பன்னிரண்டு பேரில் நான்கு பேர் 'எதிரி'. சர்வர் மூன்று.

கம்யூனிட்டி என்று ஒன்று இருக்கிறதே, அது கில்டு இல்லையா?

2018-இல் வந்தது. சர்வர் தாண்டி அரட்டை அடிக்கலாம், நாள் குறிக்கலாம். பேங்க் இல்லை. கில்டை விடாமலே அதிலும் இருக்கலாம். வாட்ஸாப் குழு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், காலை வணக்கம் மட்டும் இல்லை.

சரி, வீடு விஷயம். கில்டுக்கு வீடு உண்டா இல்லையா?

கில்டுக்கென்று ஒரு மாளிகை இல்லை. கில்டுக்கென்று ஒரு தெரு உண்டு.

வீட்டுக்கான ஆசை பழையது. 2004-லேயே ஸ்டார்ம்விண்டில் மூடிக் கிடக்கும் ஒரு வாசலைக் காட்டி, அது வீடுகளுக்காக வைத்தது என்பார்கள். பத்து வருடம் கழித்து, 2014-இல் கேரிசன் என்று ஒரு கோட்டை கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று. சுரங்கம், தோட்டம், கடை எல்லாம் உள்ளேயே. விளைவு, ஆளாளுக்குத் தன் கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டார்கள், நகரங்கள் வெறிச்சோடின. எல்லோரையும் தனித்தனியாக வீட்டுக்குள் பூட்டி வைத்தால் கில்டு அரட்டை ஓய்ந்துபோகும் என்பது அப்போது தெரிந்தது.

2024 நவம்பரில் மிட்நைட் விரிவாக்கத்தோடு வீடு வரும் என்று அறிவித்தார்கள். பிறகு விவரங்கள் வந்தபோது அந்தப் பாடத்தைக் கற்றிருப்பது தெரிந்தது. வீடுகள் தனியாக இல்லை, 'அக்கம்பக்கம்' என்று ஒரு பகுதியில் சுமார் ஐம்பது மனைகள். அலையன்ஸுக்கு எல்வின் காட்டுச் சாயலில் ஓரிடம், ஹார்டுக்கு டுரோட்டார் சாயலில் ஓரிடம். யார் வேண்டுமானாலும் குடியேறும் பொதுப் பகுதிகளும் உண்டு, கில்டோ நண்பர் கூட்டமோ தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் தனிப் பகுதிகளும் உண்டு. தெருவாசிகள் சேர்ந்து செய்ய மாதாமாதம் பொதுப் பணிகள். 2025 டிசம்பரில் 11.2.7 பேட்சில், மிட்நைட்டை முன்கூட்டியே வாங்கியவர்களுக்கு முதலில் கதவு திறந்தது.

குலுக்கல், எட்டாத விலை, பராமரிப்புத் தொந்தரவு எதுவும் இருக்காது என்று அந்த விவரங்களோடு சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை, ஆனால் யாரை மனதில் வைத்துச் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற இன்னொரு இணைய விளையாட்டில் ஒரு வார்டுக்கு அறுபது மனைகள். சர்வருக்கு இத்தனை வார்டு என்று கணக்கு இருப்பதால் மனைக்கு அடிதடி. 2022 ஏப்ரலில் அங்கே குலுக்கல் முறையே வந்தது. வீடு கிடைத்த பிறகும் 45 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் இடித்துவிடுவார்கள். அங்கே கில்டு வீட்டுக்கும் இந்தச் சட்டம் உண்டு. ஒன்றரை மாதம் யாருமே வரவில்லை என்றால் மனை மறுபடி குலுக்கலுக்குப் போகும். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்த உணர்வை நான் விளக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு பேர் கில்டுக்கு ஐம்பது மனைத் தெரு எதற்கு?

இதைத்தான் நானும் கேட்டேன். முப்பத்தெட்டு மனை காலியாக இருக்கும் தெரு பார்க்க என்னவோ போலத்தான் இருக்கும். மாதப் பணிகளையும் பன்னிரண்டு பேரே இழுக்க வேண்டும். நண்பர்களும் அவர்களின் நண்பர்களும் சேர்ந்து ஒரு தனிப் பகுதி வைப்பது, இல்லை பொதுத் தெருவில் பக்கத்துப் பக்கத்து மனைகளைப் பிடிப்பது, சின்ன கில்டுக்கு இரண்டுமே நல்ல வழி. எங்களில் சிலர் பொதுத் தெருவில் இருக்கிறார்கள். எதிர் வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் வாசல் முழுக்கப் பூசணிக்காய் அடுக்கி வைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லோரும் கூடும் ஒரே பெரிய மண்டபம் எந்த விளையாட்டிலாவது உண்டா?

கில்டு வார்ஸ் 2-இல் உண்டு. பெயரிலேயே கில்டு இருந்தும் 2012-இல் வெளிவந்தபோது மண்டபம் இல்லை. 2015 அக்டோபரில் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் விரிவாக்கத்தோடுதான் வந்தது. மண்டபம் அமையும் இடத்தைக் கில்டாகப் போய்ச் சண்டை போட்டுப் பிடிக்க வேண்டும், அதற்கு நூறு தங்கம் கட்டணம். பிறகு சத்திரம், சுரங்கம், பட்டறை, சந்தை, அரங்கம் என ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்ப வேண்டும்.

அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் செலவைப் பாருங்கள். உச்சமாக ஐந்நூறு பேர் இருக்கக்கூடிய கில்டுக்கும் ஐந்து பேர் கில்டுக்கும் கட்டுமானப் பொருளின் அளவு ஒன்றே. அலங்காரப் பொருள் செய்ய 'ஸ்க்ரைப்' என்ற தொழிலை ஒருவர் கற்க வேண்டும், அதற்கு ஒரு கில்டே சேர்ந்து உழைக்க வேண்டும். முன்பு வேறு வழியில் கிடைத்த சில பொது நன்மைகளையும் மண்டபத்துக்குள் கொண்டுபோய் வைத்ததால், ஏற்கெனவே சம்பாதித்ததை மறுபடி சம்பாதிக்க வேண்டுமா என்று சின்ன கில்டுகள் கொதித்தன. 2007-இன் ஐயாயிரம் தங்கத் தட்டு நினைவிருக்கிறதா? அதே கணக்குத்தான், வேறு ஊரில்.

ஒருவர் பல கில்டில் இருக்கலாமா?

வார்கிராஃப்டில் ஒரு கேரக்டருக்கு ஒரு கில்டு. உங்கள் வேறு கேரக்டரை வேறு கில்டில் வைக்கலாம். கில்டு வார்ஸ் 2-இல் ஒரே கணக்கில் பல கில்டுகளில் இருக்கலாம்.

தலைவர் திடீரென்று வராமல் போனால்?

நீண்ட நாள் தலைவர் உள்ளே வராவிட்டால், அடுத்த பதவியில் இருப்பவர் தலைமையைக் கோரிப் பெறும் வழி விளையாட்டிலேயே உண்டு. இதுவும் பின்னால் சேர்த்ததுதான். ஆகவே அடுத்த பதவியில் யாரை வைக்கிறீர்கள் என்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தியாவிலிருந்து ஆடுகிறேன். ரெய்டு நேரம் எப்படி?

இந்தியாவில் சர்வர் இல்லை. எனவே கில்டு வசதிகளில் நமக்கு மிக முக்கியமானது நாட்காட்டிதான், அதிலும் அது எந்த நேரத்தைக் காட்டுகிறது என்பது. ஐரோப்பிய கில்டு "இரவு எட்டு மணி" என்றால் அவர்களின் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12.30, கோடையில் 11.30. சிட்னி எட்டு மணி என்றால் நமக்குப் பிற்பகல் 3.30, அவர்களின் கோடையில் 2.30. அமெரிக்க மேற்குக் கரையில் மாலை ஆறு மணி நமக்குக் காலை 7.30 அல்லது 6.30. மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும் வாரத்தில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து உட்கார்ந்திருப்பார். வருடம் தவறாமல் நடக்கிறது.

கில்டுக்குப் புது வசதி வருகிறது என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

நான் இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்பேன். ஐந்து பேர் கில்டுக்கும் ஐந்நூறு பேர் கில்டுக்கும் ஒரே விலையா? விலகிப் போகிறவர் எதை இழப்பார்? இரண்டாவதற்குப் பதில் "எல்லாவற்றையும்" என்றால், அது ஆளை இருக்க வைக்காது, மாட்டி வைக்கும். அப்புறம், மேடையில் சொன்னது ஒரு வருடம் கழித்து அப்படியே வரும் என்று நம்பிப் பணத்தை எடுத்து வைக்காதீர்கள். 2009-இல் கைதட்டல் வாங்கிய கில்டு திறன் தேர்வை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

உங்கள் கில்டில் சேரலாமா?

வரலாம். வெள்ளி, சனி இரவு பத்தரை மணி, இந்திய நேரம். லெவல் எதுவானாலும் சரி. முதல் மாதம் முதல் தட்டு மட்டும், நாளுக்கு இரண்டு முறை.